நீர்வண்ணத்தில் கோலாலம்பூர்

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சேற்று நிலத்தில் எழுந்த ஊர் கோலாலம்பூர். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அதனை அழித்தன. மரமும் அத்தாப்பும் நீங்கிச் செங்கல்லும் ஓடும் கொண்டு வீடுகள் எழவேண்டும் என்று ஆங்கில ஆட்சியாளர் சுவெட்டன்காம் 1884இல் ஆணையிட்டார். அதற்குச் செங்கல் அறுத்துச் சுட்ட இடமே, பின்னர் இருப்புப்பாதைப் பணிக்கு வந்த தமிழர் குடியேறிய பிரிக்பீல்ட்ஸ்.

செங்கல் நிலைக்கும் என்று நம்பினர். ஆயின் நகர வளர்ச்சி அதனையும் விட்டுவைக்கவில்லை. 1929இல் எழுந்த போக் மாளிகை 2006இல் இடிக்கப்பட்டது.

பழைய நகரின் எழிலைத் தாளில் காத்தவருள் ஒருவர் ஓவியர் சின் கொன் இட். கட்டடக் கலைஞர் சென் வூன் ஃபீ உரை எழுத, அவருடைய கோலாலம்பூர் ஓவியங்கள் 1998இல் நூலாயின. நீர்வண்ண முறையில் வெண்மையைப் பூசுவது அரிது. தாளின் வெண்மையையே எஞ்ச விடுவர். 1910இல் திறக்கப்பட்ட புகைவண்டி நிலையத்தின் வெண்மாடங்களுக்கு இம்முறை மிகவும் பொருந்தும்.

வெயிலில் நிறம் மங்கும். ஈரத்தில் பூஞ்சை படியும். அத்துணை மெல்லியது தாள். எனினும் சுவர் இடிந்தபின் அதன் நிறத்தையும் நிழலையும் உரைப்பது அதுவே. ஆதலின் இத்தகைய ஓவியங்களை மாணவர்க்கு வரலாற்றுச் சான்றாகவும் காட்டுதல் தகும்.