திருமுக்கூடல் ஆதுலர்சாலை: கல்வெட்டும் எலும்பும் சொல்பவை

ஆதுலர் என்றால் நோயாளிகள். நோயாளிகளைத் தங்கவைத்து மருத்துவம் பார்த்த இடத்தைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ஆதுலர்சாலை என்று குறிக்கின்றன. தமிழகத்தில் இதைப்பற்றி மிக விரிவாகப் பேசும் சான்று காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடலில் உள்ளது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இவ்வூரின் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் (ஆட்சி 1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. கோயில் வழிபாடு, வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்னும் 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை ஆகிய அனைத்துக்குமான செலவுத்திட்டம் அதில் அடங்கியுள்ளது.

பணியாளரும் ஊதியமும்

மருத்துவராக இருந்தவர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டர். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் அளிக்கப்பட்டன. 12 குறுணி ஒரு கலம் என்பதால், 360 நாள் கணக்கில் இது நாளொன்றுக்கு 3 குறுணி ஆகிறது. சல்லியக்கிரியை, அதாவது அறுவை மருத்துவம் செய்தவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து ஆக்கிய இருவருக்கும் சேர்த்து 60 கலம். நோயாளிகளைக் கவனித்த பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம். நாவிதருக்கும் தண்ணீர் கொண்டுவருபவருக்கும் தலா 15 கலம்.

இந்தக் கணக்கை மாணவர்கள் தாளில் எழுதிப் பார்க்கலாம். மூலிகை கொண்டுவந்தவர் ஒருவர் பெற்ற நெல், அறுவை மருத்துவர் பெற்ற நெல்லுக்குச் சமம். நோயாளியின் அருகிலேயே இருந்த பெண்ணுக்குக் கிடைத்தது அதில் பாதிதான். படுக்கையில் இருந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி ஒதுக்கப்பட்டது. இரவில் விளக்கெரிக்க எண்ணெய்க்கும் வழி செய்யப்பட்டது.

மருந்துகள்

இருப்பில் வைக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்களைக் கல்வெட்டு தருகிறது. தைலங்கள், நெய்கள், பழைய நெய், உப்பு மருந்து எனப் பலவகை அவற்றில் உண்டு. நான்கு மருந்துகளின் பெயர் 'அரீதகி' என்று முடிகிறது. அரீதகி என்பது நம் கடுக்காய். அதை ஆடாதோடை, பசுவின் சிறுநீர், தசமூலம், சேங்கொட்டை ஆகியவற்றோடு தனித்தனியே சேர்த்து இந்த நான்கையும் செய்தனர்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருப்பவர்களுக்குக் கடுக்காயை அறிமுகம் செய்யத் தேவையில்லை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் காட்டிலிருந்து சேகரிக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. மரமேறிப் பறித்தும் கீழே விழுந்ததைப் பொறுக்கியும் உலர்த்தியும் சுமந்தும் வரும் உழைப்பில்தான் எந்த மருந்துச்சாலையும் நிற்கிறது. திருமுக்கூடல் கல்வெட்டு மருத்துவரின் பெயரைச் சொல்கிறது. மூலிகை சுமந்தவர்களை 'இருவர்' என்ற எண்ணிக்கையாக மட்டுமே சொல்கிறது.

யாருக்கான மருத்துவமனை?

'சோழர் ஆட்சியில் மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவமனை இருந்தது' என்று இக்கல்வெட்டைக் காட்டிப் பலர் எழுதுகிறார்கள். ஆனால் திருமுக்கூடல் ஆதுலர்சாலை அங்குப் பயின்ற மாணவர்களுக்கும் கோயிலைச் சார்ந்த பணியாளர்களுக்கும் ஏற்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு அப்படி ஓர் ஏற்பாடு இருந்ததே பெருமைக்குரியது. அதை உள்ளதற்கு மேல் பெரிதாக்கத் தேவையில்லை.

ஈழத்தில் கட்டடம்

திருமுக்கூடலில் எழுத்து எஞ்சியது. இலங்கையின் பொலன்னறுவையில் கட்டடம் எஞ்சியது. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) அமைத்த ஆளாகன பிரிவெனா என்னும் துறவிகள் வளாகத்தில், 1980களில் நடந்த அகழாய்வு ஒரு மருத்துவமனையை வெளிக்கொணர்ந்தது. நடுமுற்றத்தைச் சுற்றிய சிறு அறைகள், கத்தரி, இடுக்கி போன்ற கருவிகள், நோயாளி மருந்துநீரில் படுப்பதற்காக மனித உடல் வடிவில் குடைந்த கல்தொட்டி ஆகியவை அங்குக் கிடைத்தன. 'ஆளாகன' என்பதன் பொருள் சுடலை. அரச குடும்பத்தாரை எரித்த நிலத்தில் எழுந்த வளாகம் அது. சாம்பலைக் காத்த சிறு தூபிகள் மருத்துவமனைக்கு அருகிலேயே உள்ளன.

எலும்புகளின் சாட்சி

இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் 1195ஐ ஒட்டித் தொடங்கிய புனித யோவான் மருத்துவமனைக்குச் சொந்த இடுகாடு இருந்தது. 2010–2012இல் அங்கு நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 400 புதைகுழிகள் ஆராயப்பட்டன. வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், காசநோயாளிகள், வறுமையில் விழுந்தவர்கள், கல்விமான்கள் எனப் பலரும் அங்கு இருந்ததை எலும்புகள் காட்டின. விதிகள் யாரைச் சேர்க்க வேண்டும் என்றுதான் சொல்லும். உண்மையில் யார் வந்து சேர்ந்தார்கள் என்பதை எலும்பே சொல்கிறது.

தமிழகத்தில் பெரும்பாலும் இறந்தவரை ஊருக்கு வெளியே எரித்தார்கள் அல்லது புதைத்தார்கள். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நிலங்களில் வரிநீக்கம் பெற்றவற்றைப் பட்டியலிடும்போது சுடுகாட்டையும் பறைச்சுடுகாட்டையும் தனித்தனியே குறிக்கின்றன. சாவிலும் சாதி பிரித்ததற்கு அதுவே சான்று. திருமுக்கூடலின் 15 படுக்கைகளில் கிடந்தவர்களுக்கென்று ஓர் இடுகாடு இருந்து, அது கேம்பிரிட்சைப்போல் நம்மிடம் பேசவில்லை. குணமாகித் திரும்பியவர் எத்தனை பேர், திரும்பாதவர் எத்தனை பேர் என்ற கணக்கு அந்தச் சுவரில் இல்லை.

முடிவுரை

கல்வெட்டு கொடுத்தவரின் எண்ணத்தைச் சொல்கிறது. கட்டடம் மருத்துவம் நடந்த முறையைச் சொல்கிறது. எலும்பு நோயாளியின் வாழ்வைச் சொல்கிறது. நமக்குக் கிடைத்திருப்பது கல்வெட்டு. அதைப் படிக்கும்போது மன்னன் பெயரோடு நிறுத்தாமல், நாழி அரிசி வாங்கிய நோயாளியையும் 15 கலம் பெற்ற பெண்ணையும் கடுக்காய் சுமந்தவரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.