கேட்டும் பூட்டும்: வாசிப்போர்–எழுதுவோர் பூட்டில் நியாயம் வளர்ந்த வரலாறு

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை, சென்னை–செங்கல்பட்டு ரயில் பாதையைக் கடக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் ரயில்வே கேட்டில் தேங்கி நின்றது இப்பகுதியார் நெடுங்காலம் பார்த்த காட்சி. சிக்னலோடு இணைத்த கேட்டுக்கு ஒரு விதி உண்டு. கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். வண்டிகள் எத்தனையும் சேர்ந்து கடக்கலாம். ரயில் தனியாகத்தான் கடக்க வேண்டும். வண்டிகள் இடைவிடாமல் நுழைந்தால் கேட்டை இறக்க முடியாது. ரயில்கள் அடுத்தடுத்து வந்தால் கேட் ஏறாது.

மென்பொருளில் பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகள்) ஒரே தரவைத் தொடும்போதும் இதே சிக்கல்தான். வாசிப்போர் பலர் ஒன்றாக உள்ளே இருக்கலாம். எழுதுபவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பதே வாசிப்போர்–எழுதுவோர் பூட்டு.

1965-இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா, த்ரெட்களை நிறுத்தி அனுப்பும் செமஃபோர் என்னும் கருவியை விளக்கியபின், 1971-இல் கூர்த்துவா, ஹேமன்ஸ், பார்னஸ் மூவரும் இச்சிக்கலுக்கு இரண்டே பக்கங்களில் இரு தீர்வுகள் தந்தார்கள். முதலாவதில் வாசிப்போருக்கு முன்னுரிமை; எழுதுபவர் முடிவின்றிக் காத்திருக்க நேரலாம். இரண்டாவதில் எழுதுபவருக்கு முன்னுரிமை. வாசிப்போர் காத்தே கிடக்கலாம். நியாயம் இரண்டிலும் இல்லை.

வந்த வரிசைப்படி விட்டால் தீராதா? 1974-இல் லாம்போர்ட் தம் பேக்கரி வழிமுறையில் கடையில் டோக்கன் வாங்குவது போன்ற ஒழுங்கைக் கொண்டுவந்தார். அது ஒருவர் மட்டும் நுழையும் அறைக்குப் பொருந்தும். இங்கே அப்படியே வைத்தால், வாசிப்பவர், எழுதுபவர் என மாறி மாறி வரும் வரிசையில் வாசிப்போரும் ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். சேர்ந்து கடக்கும் பயனே போய்விடும்.

அதே 1974-இல் ஹோர், மானிட்டர் (பகிர்ந்த தரவையும் அதைத் தொடும் செயல்களையும் ஒன்றாகக் கட்டிக் காக்கும் அமைப்பு) பற்றிய கட்டுரையில் வேறொரு விதி சொன்னார்: எழுதுபவர் காத்திருந்தால் புதிதாக வாசிக்க வருபவர் நுழையக் கூடாது; எழுதுபவர் முடித்ததும், அதுவரை காத்திருந்த வாசிப்போர் அனைவரும் ஒரே கூட்டமாக உள்ளே போகலாம். கேட் திறந்ததும் தேங்கிய வண்டிகள் எல்லாம் கடப்பது போல. இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுவே என்பது என் கணிப்பு. 1991-இல் மெல்லர்-கிரம்மியும் ஸ்காட்டும், காத்திருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் நினைவிடத்தை மட்டும் பார்த்து நிற்கும் வரிசைப் பூட்டுகளை வடிவமைத்தார்கள்; வேகம் கூடியது. ஆனால் வாசிப்போரும் எழுதுவோரும் முறைவைத்து மாறும் ஹோரின் விதி கறாரான கால வரம்போடு மீண்டும் வர 2009 ஆனது. பிராண்டன்பர்க்கும் ஆண்டர்சனும் வகுத்த கட்ட-நியாயப் பூட்டில் வாசிப்புக் கட்டமும் எழுத்துக் கட்டமும் மாறி மாறி வரும்; அதில் எழுதுவோர் எத்தனை பேர் காத்திருந்தாலும், வாசிக்க வந்தவர் அதிகபட்சம் ஒரு வாசிப்புக் கட்டமும் ஓர் எழுத்துக் கட்டமும்தான் காத்திருப்பார்.

நடைமுறை இதற்குப் பின்தங்கியே வந்தது. லினக்ஸ் கெர்னலில் வாசிப்போர் பக்கம் சாய்ந்திருந்த சுழல் பூட்டு (காத்திருப்பவர் தூங்காமல் திரும்பத் திரும்பப் பார்த்து நிற்கும் வகை), வெய்மன் லாங்கின் வரிசைப் பூட்டாக மாறியது 2014-இல், 3.16 பதிப்பில். வாசிப்போருக்குப் பூட்டே வேண்டாம் என்னும் ஆர்.சி.யு. முறை 2002-இலேயே லினக்ஸில் சேர்ந்திருந்தது. அதன் உருவாக்கத்தில் பால் மெக்கென்னியோடு ஐபிஎம் இந்தியாவின் தீபங்கர் சர்மாவுக்கும் பங்குண்டு. அடிக்கடி வாசித்து அரிதாக மாற்றும் தரவுக்குத்தான் அது ஏற்றது.

ஜாவாவில் 2004 முதல் இருக்கும் வாசிப்பு–எழுத்துப் பூட்டு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் நியாயமற்ற வகையாகவே உருவாகிறது. வேகத்துக்காக அப்படி வைத்தார்கள். மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலோ ஒரகடத்து ஆலைகளிலோ நிரல் எழுதும் தோழர்கள் தம் பூட்டுகளை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்; யார் காத்தே கிடக்கிறார் என்று கணக்கெடுக்க வேண்டும்.