ஜாமீன் கையெழுத்து: அமெரிக்க விளையாட்டு வீரர்களின் திவால் குறித்து ஒரு மறுவாசிப்பு

2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் இரத்தக்கறை படிந்த ஒரு காலுறை 92,613 டாலருக்கு ஏலம் போனது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் பேஸ்பால் வீரர் கர்ட் ஷில்லிங், 2004 உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், தையல் போட்ட கணுக்காலோடு பந்தெறிந்தபோது அணிந்திருந்தது அது. 86 ஆண்டுகளாகக் கோப்பையைக் காணாத ஒரு நகரத்துக்கு அந்தக் கறை எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது ஏலக்கூடத்துக்கு வந்த வழி வேறு. ஷில்லிங் தொடங்கிய கணினி விளையாட்டு நிறுவனம் 2012இல் மூழ்கியது. அந்த நிறுவனத்துக்காகப் பெற்ற வங்கிக் கடனுக்குக் காலுறையும் ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது.

ஓய்வுபெற்ற வீரர்கள் ஓட்டாண்டியாவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே விளக்கம் முன்வைக்கப்படுகிறது: வந்த பணத்தைக் காராகவும் நகையாகவும் வாரி இறைத்தார்கள், கூடவந்த கூட்டம் மிச்சத்தைத் தின்றது. இந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் பெருந்தொகைகள் போன இடத்தைத் தேடிச் சென்றால் நாம் போய் நிற்பது நகைக்கடையில் அல்ல, பத்திரங்களின் முன்னால். எளிதில் விற்க முடியாத தனியார் முதலீடுகள், அவற்றுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்துகள், அவற்றைப் பரிந்துரைத்த ‘பதிவுபெற்ற’ ஆலோசகர்கள் என்று அந்தப் பத்திரங்கள் விரிகின்றன. வீழ்ச்சிக்கான காரணத்தை வீரரின் குணத்தில் தேடுவதைக் காட்டிலும், ஊதியம் வந்த முறையிலும் சட்டம் திறந்துவைத்த கதவிலும் தேடுவதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஓர் எண்ணைத் தள்ளிவைக்க வேண்டும். 2009 மார்ச்சில் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழில் வெளியான கட்டுரை ஒன்று, என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் வீரர்களில் 78 விழுக்காட்டினர் ஓய்வுபெற்ற இரண்டே ஆண்டுகளில் திவாலாகிறார்கள் அல்லது பண நெருக்கடிக்கு உள்ளாகிறார்கள் என்றது. கூடைப்பந்து வீரர்களுக்கு ஐந்து ஆண்டில் 60 விழுக்காடு. இந்த எண்கள் அதன்பின் ஆவணப்படங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தன. ஆனால் மூல வாக்கியத்தைப் படித்தால், வேலையின்மையாலோ மணமுறிவாலோ வரும் நெருக்கடியும் சட்டப்படியான திவாலும் ஒரே கூடையில் போடப்பட்டிருப்பது தெரியும். வீரர்கள், முகவர்கள், ஆலோசகர்கள் ஆகியோர் சொன்னதிலிருந்து திரட்டிய மதிப்பீடு அது. எவரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல.

எண்ணிப் பார்த்தவர்கள் 2015இல் வந்தார்கள். கார்ல்சன், கிம், லுசார்டி, கேமரர் ஆகிய நால்வர், 1996 முதல் 2003 வரை என்.எஃப்.எல். அணிகள் தேர்ந்தெடுத்த புதுமுக வீரர்கள் அனைவரையும் நீதிமன்றத் திவால் பதிவுகளோடு ஒப்பிட்டனர். ஓய்வுக்குப் பின் 12 ஆண்டுகளுக்குள் 15.7 விழுக்காட்டினர் திவால் மனு கொடுத்திருந்தனர். 78 எங்கே, 15.7 எங்கே என்று இதைக் கேட்டு ஆறுதல் அடைபவர்கள் ஆய்வின் மறுபாதியைப் படிக்க வேண்டும். இடைநிலை வீரர் ஒருவர் ஆறாண்டு ஆடி, 2000ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் 32 லட்சம் ஈட்டுகிறார். பெரும்பாலான அமெரிக்கர்கள் ஆயுள் முழுதும் உழைத்தாலும் காணாத தொகை இது. அதை ஈட்டியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் நீதிமன்றப் படியேறுகிறார். ஆய்வின் முடிவுகளில் என்னை மிகவும் நிறுத்திவைத்தது இன்னொன்று: ஒருவர் எவ்வளவு ஈட்டினார், எத்தனை ஆண்டு ஆடினார் என்பவை திவால் வாய்ப்பைக் குறைக்கவில்லை.

பொருளியல் கோட்பாட்டுக்கு இது புதிர். மோடிக்லியானியும் பிரம்பர்க்கும் 1954இல் முன்வைத்த வாழ்க்கைச் சுழற்சிக் கருதுகோளின்படி, இளமையில் மொத்தமாக வரும் வருவாயைப் பிற்காலத்துக்குப் பிரித்து வைப்பவரே அறிவுள்ள மனிதர். அதிகம் ஈட்டியவரிடம் அதிகம் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் ஊதாரித்தனம்தான் காரணம் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் ஊதாரித்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மனிதன் எத்தனை கார் ஓட்டுவான்? வருவாய் கூடக் கூட அதே வேகத்தில் வளரக்கூடிய செலவு ஒன்றே ஒன்றுதான். அது முதலீடு. பணம் பெருகும்போது அதைப் போட வரும் இடங்களும் பெருகுகின்றன, கிடைக்கும் கடனும் பெருகுகிறது.

இங்கே சட்டம் நுழைகிறது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் விதிகள், பொதுச் சந்தையில் பதிவாகாத தனியார் முதலீடுகளைப் பெரும்பாலும் ‘தகுதிபெற்ற முதலீட்டாளர்’ என்ற வகையினருக்கு மட்டுமே திறந்துவிடுகின்றன. 1982இல் வகுத்த அளவுகோல்படி, தொடர்ந்து ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வருமானம் அல்லது 10 லட்சம் டாலர் நிகரச் சொத்து இருந்தால் ஒருவர் தகுதிபெற்றவர். பணமிருப்பவருக்கு விவரம் தெரிந்திருக்கும், தெரியாவிட்டாலும் நட்டத்தைத் தாங்குவார் என்பதே இதன் அடிப்படை. வீரர் சங்கத்துக்கும் கூட்டமைப்புக்கும் இடையிலான 2011 கூட்டு ஒப்பந்தத்தில் என்.எஃப்.எல். புதுமுக வீரரின் குறைந்தபட்ச ஊதியமே 3.75 லட்சம் டாலர். பல்கலைக்கழகத்திலிருந்து நேரே களத்துக்கு வந்த இளைஞர், இரண்டு பருவம் ஆடி முடித்ததும், சட்டத்தின் பார்வையில் பழம் தின்று கொட்டை போட்ட முதலீட்டாளராகிவிடுகிறார். சாதாரண மக்களைக் காக்கும் வேலி அவருக்கு மட்டும் இல்லை. அவருடைய வருமானம் ஆறாவது ஆண்டில் நின்றுவிடும் என்பது அந்த அளவுகோலின் கணக்கிலேயே வருவதில்லை.

வேலியில்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு அலபாமா வழக்கு சான்று. ஜெஃப் ரூபின் என்ற ஃபுளோரிடா ஆலோசகர், டோதன் நகருக்கு அருகே எழுந்துகொண்டிருந்த ஒரு மின்னணு பிங்கோ சூதாட்ட விடுதியில் பணம் போடுமாறு தம்மிடம் வந்த 31 என்.எஃப்.எல். வீரர்களுக்குப் பரிந்துரைத்தார். அந்த மாநிலத்தில் மின்னணு பிங்கோ சட்டப்படி செல்லுமா என்பதே தீராத வழக்காக இருந்தது. விடுதி திவாலானது, வீரர்கள் இழந்தது ஏறத்தாழ 4 கோடி டாலர். 2013இல் ரூபினைத் தொழிலிலிருந்து விலக்கிய ஃபின்ரா என்னும் நிதித்துறை ஒழுங்காற்று அமைப்பு வெளியிட்ட விவரங்களைப் படிக்கும்போது கோபம் வருகிறது. வீரர்களை அழைத்து வந்ததற்காக ரூபினுக்குத் திட்டத்தில் 4 விழுக்காட்டுப் பங்கும் 5 லட்சம் டாலரும் தரப்பட்டன. இன்னொரு வீரரை அவர் நான்கு ஆபத்தான முதலீடுகளில் 35 லட்சம் டாலர் போட வைத்தார். அந்த இளைஞர் கையில் இருந்த ரொக்கச் சொத்தில் பெரும்பகுதி அது. அதில் 30 லட்சம் போயிற்று.

ரூபின் எங்கிருந்தோ வந்த தரகர் அல்ல, வீரர் சங்கத்தின் ஆலோசகர் பட்டியலில் இருந்தவர். மோசடிக்காரர்களிடம் வீரர்கள் தொடர்ந்து ஏமாந்ததைப் பார்த்துத்தான் 2002இல் சங்கம் அந்தப் பட்டியலையே தொடங்கியது. நல்ல நோக்கத்தோடு பிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டியல் தரும் நம்பிக்கைக்கும் பட்டியலிட்டவர் ஏற்கும் பொறுப்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. அட்லாண்டாவைச் சேர்ந்த கிர்க் ரைட்டின் முதலீட்டு நிதியில் ஸ்டீவ் அட்வாட்டர் உள்ளிட்ட வீரர்கள் ஏறத்தாழ 2 கோடி டாலரை இழந்தபோது அந்தப் பள்ளம் வெளிச்சத்துக்கு வந்தது. ரைட்டும் பட்டியலில் இருந்தவரே. பின்னணியைச் சரியாக விசாரிக்கவில்லை என்று வீரர்கள் சங்கத்தின் மீதும் கூட்டமைப்பின் மீதும் வழக்குத் தொடுத்தனர். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்தப் புகார்கள் கூட்டு ஒப்பந்தத்தோடு பின்னியவை, ஆகவே கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்டவை, மாநிலச் சட்டப்படி இழப்பீடு கோர இயலாது என்பது அதன் நிலை. அந்த ஒப்பந்தத்திலேயே, தம் சொந்தப் பண விவகாரங்களுக்கு வீரர்களே முழுப் பொறுப்பு என்ற வரியும் இருந்தது. முத்திரை குத்துபவர் ஒருவர், முத்திரையை நம்பியதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாடு, முத்திரையே இல்லாத நிலையைவிடத் தீங்கானது என்று நான் கருதுகிறேன். முத்திரை இல்லாவிட்டால் இன்னும் நாலு பேரிடமாவது விசாரித்திருப்பார்கள்.

மோசடி இல்லாமலும் வீழ்ச்சி வரும். அன்டுவான் வாக்கர் 12 பருவங்கள் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆடி 10.8 கோடி டாலருக்கு மேல் ஈட்டினார்; 2006இல் மயாமி ஹீட் அணியோடு கோப்பை வென்றார். 2010 மே மாதம் ஃபுளோரிடாவில் அவர் கொடுத்த திவால் மனுவில் சொத்து 43 லட்சம், கடன் 1.27 கோடி. அவர் சூதாடினார், ஆடம்பரமாக வாழ்ந்தார். இதை அவரே மறைத்ததில்லை. ஆனால் அந்தக் கடனின் அடித்தளம் சிகாகோவில் இருந்தது. பிறந்த ஊரின் தெற்குப் பகுதியில் அவருடைய நிறுவனம் வீடுகளையும் கட்டடங்களையும் வாங்கியது. வங்கிகள் கடன் தந்தன. வாக்கர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்து செய்யும் வேலையை நிதானித்துப் பார்க்க வேண்டும். வரையறுத்த பொறுப்புடைய நிறுவனம் என்ற சட்ட அமைப்பின் பயனே, தொழில் மூழ்கினால் போட்ட முதல் மட்டும் போகும், வீடு வாசல் போகாது என்பதுதான். தனிநபர் ஜாமீன் இந்தச் சுவரை இடித்துவிடுகிறது. நிறுவனம் கட்டத் தவறிய ஒவ்வொரு தவணைக்கும் கையெழுத்திட்டவரின் வங்கிக் கணக்கும் மற்றச் சொத்துகளும் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் வந்துகொண்டிருக்கும் வரை இந்த ஆபத்து கண்ணில் படாது, ஏனெனில் தவணைகளைச் சம்பளம் கட்டிவிடும். வாக்கரின் கடைசி என்.பி.ஏ. ஆட்டம் 2008இல். அமெரிக்க நிலச் சந்தை சரிந்ததும் அதே காலம். வருமானமும் சொத்து மதிப்பும் ஒன்றாக விழுந்தபோது கையெழுத்துகள் மட்டும் நின்றன. அவர் கோப்பை மோதிரத்தையும் விற்றார். பழைய உடலோடு போர்ட்டோ ரிக்கோவிலும் ஐடஹோவிலும் சிறு அணிகளுக்கு ஆடினார். அதே சந்தையில் அதே ஆண்டில் எத்தனையோ கட்டட முதலாளிகளும் கவிழ்ந்தார்கள். அவர்களை யாரும் ஊதாரிகள் என்று அழைக்கவில்லை.

நிதிக் கல்வி கொடுத்தால் சரியாகிவிடும் என்பது பரவலான பரிந்துரை. கல்வி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் லென்னி டைக்ஸ்ட்ராவை நினைத்துப் பார்க்கலாம். பேஸ்பாலிலிருந்து ஓய்வுபெற்றபின் கார் கழுவும் நிலையங்கள் நடத்தி விற்றவர், இணையத்தில் பங்குச் சந்தைப் பரிந்துரைகள் எழுதிப் பெயர் வாங்கியவர், வீரர்கள் தம் செல்வத்தைக் காக்க வேண்டும் என்று 2008இல் அவர்களுக்காகவே இதழ் தொடங்கியவர். 2009 ஜூலையில் திவால் மனு கொடுத்தார். சந்தையின் மொழி அவருக்குத் தெரியாமல் இல்லை.

ஷில்லிங்கின் கதை என் வாதத்தையும் சோதிக்கிறது. அவரை எந்த ஆலோசகரும் ஏமாற்றவில்லை, திட்டமே அவருடையது. நிறுவனத்தைத் தம் மாநிலத்துக்கு இழுக்க 2010இல் ரோட் ஐலண்ட் அரசு 7.5 கோடி டாலர் கடனுக்கு உறுதி நின்றது. ஈராண்டுக்குள் நிறுவனம் மூழ்கியது. ஊழியர்கள் அனைவரும் வேலை இழந்தனர். தாம் 5 கோடி டாலரை இழந்ததாக ஷில்லிங் கூறினார். வெற்றிபெறும் வரை விடாத மனம்தான் அவரைக் களத்தில் நிறுத்தியது, அதே மனம் நட்டத்தில் வெளியேறவும் விடவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. அதை நிறுவ என்னிடம் சான்றில்லை. கேட்க முடிந்த கேள்வி ஒன்றுதான்: ஒரு மாநில அரசே மதிப்பிடத் தவறிய தொழிலை, பந்தெறிந்து வாழ்ந்த ஒருவர் சரியாக மதிப்பிட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஆகவே வீரரை மாற்றுவதைவிட ஊதியத்தின் வடிவத்தை மாற்றுவது பயன் தரும். 2000இல் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி தன் வீரர் பாபி போனியாவை விடுவித்தபோது அவருக்குத் தர வேண்டியது 59 லட்சம் டாலர். அவர் அதை உடனே வாங்கவில்லை. 8 விழுக்காட்டு வட்டியோடு 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை முதல் நாளும் ஏறத்தாழ 11.93 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டார். விளையாட்டு ரசிகர்கள் ஆண்டுதோறும் இதைச் சொல்லி மெட்ஸைக் கேலி செய்வது வழக்கம். ஆனால் உரிமையாளர்களின் கணக்கும் அன்று பொருத்தமாகவே தோன்றியிருக்கும். அவர்கள் பெர்னார்டு மேடாஃபிடம் பெருந்தொகை போட்டிருந்தனர். அங்கே 8 விழுக்காட்டுக்கு மேல் வருவதாகத் தாளில் காட்டப்பட்டது. 2008 டிசம்பரில் மேடாஃபின் மோசடி அம்பலமாகி அந்தத் தாள் கிழிந்தது. வியாபாரத்திலேயே ஊறியவர்கள் தவறிய இடத்தில், தவணையைத் தேர்ந்தெடுத்த வீரர் தப்பினார்.

தள்ளிவைத்த ஊதியத்துக்கும் ஆபத்து உண்டு. கொடுக்க வேண்டியவரே திவாலாகலாம். பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 1998இல் திவாலானபோது மாரியோ லெமியூவுக்கு அது 3 கோடி டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்தது; பாக்கியில் பெரும்பகுதியைப் பங்காக மாற்றி அவரே அணியின் உரிமையாளரானார். எல்லா வீரருக்கும் அந்த வழி கிடைக்காது. எனவே தள்ளிவைக்கும் தொகை அணியின் கணக்கில் இருக்கக் கூடாது. வீரரின் பெயரில் காப்பீட்டு நிறுவனத்திடம் ஆண்டுத்தொகையாக வாங்கப்பட வேண்டும், எந்தக் கடனுக்கும் ஈடாகவோ ஜாமீனாகவோ வைக்க முடியாதபடி கூட்டு ஒப்பந்தத்திலேயே அது எழுதப்பட வேண்டும். இதனால் வீரரின் உரிமை குறுகிவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்டலாம். போனியா தள்ளிவைத்த 59 லட்சம், வாக்கர் ஈட்டிய தொகையில் பதினெட்டில் ஒரு பங்கு.