மாமனும் மருமகனும் மன்றத்தில்

பண்டைய யூதர்களின் உயர்மன்றமான 'சன்ஹெட்ரின்' நம் விவிலியத் தமிழில் ஆலோசனைச் சங்கம் என்றும் தலைமைச் சங்கம் என்றும் வழங்குகிறது. கிரேக்க மொழியில் பிறந்த அச்சொல்லுக்குக் கூடி அமர்தல் என்பதே பொருள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு 'சபையோம் கூடியிருந்து' என்ற தொடர் உடனே நினைவுக்கு வரும். இரண்டு சமூகங்களும் ஒன்றையொன்று அறிந்திருக்கவில்லை. ஆயினும், மறை கற்றோர் கூடியமர்ந்து ஊரை நெறிப்படுத்தும் வழக்கம் இரண்டிலும் இருந்தது.

ஜீயபுரத்திலிருந்து காவிரியோடு கிழக்கே சென்றால் திருவரங்கம். அதைக் கடந்து கல்லணைச் சாலையில் போனால் உத்தமசீலி. முதற் பராந்தகனின் மகன் பெயரைத் தாங்கிய பழைய சதுர்வேதிமங்கலம் அது. பராந்தகனின் காலம் (கி.பி. 907–955) பிராமணச் சபைகளின் பொற்காலம் எனலாம். அவனுடைய 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், உத்தரமேரூர்ச் சபையார் செய்த தீர்மானங்கள் இன்றும் அவ்வூர்க் கோயில் சுவரில் உள்ளன. முப்பது குடும்புகள், குடவோலை, ஓலையை எடுக்கும் ஒன்றுமறியாச் சிறுவன் ஆகியவற்றை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் அக்கல்வெட்டின் ஒரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது ஓர் உறவுமுறைப் பட்டியல்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரின் பெயரைக் குடவோலைக்கு எழுதக்கூடாது என்பது விதி. விதி அவரோடு நிற்கவில்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன், அம்மான் மகன், தாயின் உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்குகிறது. பொதுப்பணத்தில் கை வைத்தவன் தன் மருமகனை அனுப்பி அதே பதவியில் அமர்த்திவிடுவான் என்பதை ஊரார் நன்கு அறிந்திருந்தார்கள் போலும்!

இனி யூதர் பக்கம் திரும்புவோம். எருசலேம் கோயில் கி.பி. 70-இல் அழிந்தது. மன்றங்களைப் பற்றிய விதிகள் அடங்கிய 'மிஷ்னா' கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது. ஆகவே அதிலுள்ளதை நடந்தவற்றின் பதிவு என்பதைவிட, நடக்க வேண்டியதன் இலக்கணம் என்று கொள்வதே தகும். பெருமன்றத்தில் எழுபத்தொருவர், உயிர்த்தண்டனை வழக்குகளுக்கு இருபத்து மூவர், பணவழக்குகளுக்கு மூவர். உயிர்வழக்கில் விடுதலை செய்ய ஒரு வாக்கு மிகுந்தால் போதும். தண்டிக்க இரண்டு மிக வேண்டும். விடுதலைத் தீர்ப்பை அன்றே சொல்லலாம். தண்டனைத் தீர்ப்புக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்.

அந்நூலிலும் ஓர் உறவுமுறைப் பட்டியல் இருக்கிறது. உடன்பிறந்தான், தந்தையின் உடன்பிறந்தான், தாயின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், அத்தையின் கணவன், மாமனார் ஆகியோரும் அவர்களுடைய மகன்களும் மருமகன்களும் ஒருவனது வழக்கில் சாட்சி சொல்லவோ நீதிபதியாக அமரவோ கூடாது. உத்தரமேரூர்ப் பட்டியலோடு இதை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வியப்பே மிஞ்சும்.

இவ்விலக்குக்கு அவர்கள் காட்டும் மூலம் அதனினும் சுவையானது. பிள்ளைகளுக்காகப் பெற்றோரும், பெற்றோருக்காகப் பிள்ளைகளும் கொல்லப்படலாகாது. அவரவர் குற்றத்துக்கு அவரவரே பொறுப்பு என்பது மோசேயின் சட்டம். தல்முது ஆசிரியர்கள் இவ்விதியிலிருந்தே உறவினர் சாட்சி செல்லாது என்பதை வருவித்தார்கள். உறவால் ஒருவனுக்குக் கேடு வரலாகாது என்ற எண்ணம், உறவினன் வாய்ச்சொல்லாலும் கேடு வரலாகாது என்று விரிந்தது.

நம் மண்ணில் அதே பட்டியல் வேறொரு வழியிலும் சென்றது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு அதற்குச் சான்று. நாதமுனிகளின் ஊராதலின் திருவரங்கத்தார்க்கும் அது அயலூர் அன்று. பராந்தகனின் 'வீரநாராயணன்' என்ற விருதுப்பெயரைக் கொண்ட அச்சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிச் சபைக்கு முதல் இராசராசன் தன் 2-ஆம் ஆட்சியாண்டில் ஓர் ஓலை விடுத்தான். அவன் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் உடைமைகளைப் பறிக்க வேண்டும் என்பது ஆணை. அவர்களுடையவற்றை மட்டுமல்ல, உடன்பிறந்தார், மக்கள், மனைவியர், தாய்வழி தந்தைவழி உறவினர், பெண் கொடுத்தவர், பெண் கொண்டவர் உடைமைகளையும். கொலை நடந்து ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்த ஆணை இது. நிலம் விலையாகி, கோயிலுக்கு அறமாகவும் மாறியது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஆணையிட்டவன் அரசன், நிறைவேற்ற வேண்டியது சபை. சபையில் இருந்தவர்களோ அதே ஊரார். பறிகொடுத்தவர்களுக்கு அண்டை வீட்டார். கொன்றவனின் மருமகன் என்ன செய்தான் என்று யாரேனும் கேட்டார்களா? கல்வெட்டில் அக்கேள்வியின் சுவடு இல்லை. அரசத் துரோகத்தின் முன் அவ்வாறு கேட்க எந்த ஊர்ச் சபைக்கும் துணிவு வந்திருக்குமா என்பதும் ஐயமே.

உத்தரமேரூரில் அப்பட்டியல் பதவிக்கு வேலி. உடையார்குடியில் அதே பட்டியல் தண்டனைக்கு வலை. வேலிக்கும் வலைக்கும் முடிச்சு ஒன்றுதான். யாரைக் காக்க அதை இடுகிறோம் என்பதே வேறுபாடு. குடவோலையைப் பெருமையோடு பேசும் நாம், அதே நூற்றாண்டில் அதே போன்றதொரு சபையின் கையில் வந்து சேர்ந்த அந்த ஓலையையும் சேர்த்தே படிக்க வேண்டும். மறை கற்றோர் கூடியமர்வதால் மட்டும் நீதி பிறந்துவிடுவதில்லை. குற்றத்தைச் செய்தவனோடு நிறுத்தும் விதியொன்றை அவர்கள் கைக்கொண்டிருக்கவும் வேண்டும்.