ஆசிரியர் ஏடும் பெற்றோர் உரிமையும்: ஒவாஸோ தீர்ப்பு ஒரு மறுவாசிப்பு

மதிப்பெண்களை இணையத்தில் காட்டும் அமெரிக்கப் பள்ளிகளின் பெற்றோர் போர்ட்டல்களை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார், 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் பெற்றோருக்குத் தந்த, பிள்ளையின் கல்விப் பதிவேடுகளைப் பார்வையிடும் உரிமையின் விரைவு வடிவமாகவே அவற்றைக் கொள்கின்றனர். சட்டப்படி 45 நாள் வரை காத்திருந்து பார்க்க வேண்டியதை மென்பொருள் நொடியில் காட்டுகிறது, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டு ஒவாஸோ தீர்ப்பை ஊன்றிப் படித்தால் இவ்வாதம் நிற்காது.

ஒக்லஹோமாவில் மாணவர்கள் ஒருவர் தாளை மற்றவர் திருத்தி, மதிப்பெண்ணை உரக்கச் சொல்லும் வழக்கத்தை எதிர்த்து ஒரு தாய் தொடுத்த வழக்கு அது. அதை மாணவரின் அந்தரங்கம் பற்றியதாக மட்டுமே வாசித்து வந்திருக்கிறோம். நமக்கு வேண்டிய பகுதி வேறு. பதிவேட்டில் பிழை கண்டால் பெற்றோர் விசாரணை கோரலாம் என்கிறது சட்டம். எழுத்துக்கூட்டல் தேர்வு, ஓவிய வேலை என ஒவ்வொன்றின் மதிப்பெண்ணையும் எதிர்த்து வாதாடவா அமெரிக்க நாடாளுமன்றம் இத்தனை விரிவான ஏற்பாட்டைச் செய்திருக்கும் என்று ஐயுறுகிறார் நீதிபதி கென்னடி. அன்றாட மதிப்பெண்களின் குவியலைப் பதிவேடாக எண்ணத் தீர்ப்பு தயங்கியது என்பதற்கு இது தெளிவான சான்று.

ஆசிரியரின் மதிப்பெண் ஏடு பதிவேடா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யாமல் விட்டது உண்மையே. ஆகவே இப்பகுதியின்மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றலாகாது. நீதிபதி ஸ்கேலியாவின் தனிக் கருத்தும் இவ்வாசிப்புக்கு எதிராகக் காட்டப்படலாம். மைய அலுவலகத்தில் இருப்பதுதான் பதிவேடு என்றால், ஆசிரியர் தம் கையிலேயே வைத்திருக்கும் குறிப்புகளுக்குச் சட்டம் தனி விலக்கு அளித்திருக்கத் தேவையில்லை என்கிறார் அவர். ஆனால் அந்த விலக்குதான் நம் வாதத்தின் அச்சாணி. மாற்று ஆசிரியர் தவிர வேறெவரும் பாராதவரைதான் அது செல்லும்; போர்ட்டலில் ஏற்றியதும் போய்விடும். உரிமை இருந்ததால் போர்ட்டல் வந்தது என்பதைவிட, போர்ட்டல் வந்ததால் உரிமை பிறந்தது என்பதே பொருந்தும்.

விளைவு சிறியதன்று. கட்டுரையைக் கையில் கொடுத்துவிட்ட பிள்ளையின் பெயருக்கு நேரே, ஆசிரியர் திருத்தும்வரை 'வரவில்லை' என்ற குறியும் பூஜ்யமும் நிற்கக்கூடும். சராசரி 91இலிருந்து 78க்கு இறங்கும். இரவில் அதைத் தாய் பார்க்கிறார். புதன்கிழமை சரியாகிவிடப்போகும் எண்ணுக்குத் திங்களிரவே பிள்ளை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கென்னடி ஐயுற்ற அதே வாதாட்டம், விசாரணை முறை எதுவுமின்றிச் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது.

தகவல் கிடைத்தால் மதிப்பெண் உயரும் என்பர். பீட்டர் பெர்க்மனின் லாஸ் ஏஞ்சலிஸ் கள ஆய்வு அதைக் காட்டியதும் மெய். ஆனால் அங்கே பெற்றோருக்குப் போனவை தேர்ந்து அனுப்பிய செய்திகள். எந்நேரமும் திறந்து கிடந்த ஏடு அன்று. மேலும், பயன் உண்டு என்பதாலேயே உரிமை உண்டு என்றாகாது.

பள்ளி மாவட்டங்கள் சட்டத்தைக் கேடயமாகப் பிடிப்பதை விட வேண்டும். எந்த மதிப்பெண் எப்போது வெளியாகலாம் என்பது அவற்றின் சொந்த முடிவு. அதை ஆசிரியரையும் மாணவரையும் கேட்டே எடுக்க வேண்டும்.