பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு? வாங்கும் முன் டெல்டா விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கப்பி, மோலி, கோய் கெண்டை என்று வண்ணமீன்களை சிமென்ட் தொட்டியில் வளர்ப்பது டெல்டா மாவட்டங்களுக்குப் புதிதல்ல. இதில் கை பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, பவளத்தோடு கூடிய கடல்நீர்த் தொட்டி. கடைக்குப் போனால் விளக்கைத்தான் முதலில் காட்டுவார்கள். சில ஆயிரத்திலும் கிடைக்கும், அரை லட்சத்திலும் கிடைக்கும். குறுவையில் கையில் நின்ற பணத்தை இதில் போடும் முன், கீழே உள்ளவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் உயிரினம், பிறகு விளக்கு

எந்தப் பயிர் என்று தெரியாமல் உரம் வாங்க மாட்டோம். விளக்கும் அப்படித்தான். மீன் மட்டும் வளர்ப்பதாக இருந்தால் விலை உயர்ந்த விளக்கு தேவையே இல்லை. கோமாளி மீனுக்கு நம் வீட்டில் எரியும் சாதாரண எல்.இ.டி. விளக்கே போதும். பவளம் வைத்தால்தான் விளக்குக்கு வேலை.

பவளத்தில் சட்டச் சிக்கலும் உண்டு. பாறை கட்டும் கடினப் பவளங்கள், கரும்பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் பட்டியலில் 2001-ம் ஆண்டு முதல் உள்ளன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இவற்றுக்கும். பிடித்தாலும் விற்றாலும் வைத்திருந்தாலும் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவிலிருந்து எந்த உயிரினத்தையும் எடுக்கக் கூடாது. 'செத்த பவளக் கல்தானே' என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்மையான வகைகள் மேலே சொன்ன இனங்களில் சேராதவை. இவற்றையும் ரசீதோடும், எங்கிருந்து வந்தது என்ற ஆவணத்தோடும் மட்டுமே வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. இந்தக் கட்டுரை இத்தகைய மென்பவளங்களுக்கான விளக்கைப் பற்றியதுதான்.

பவளத்துக்கு ஏன் வெளிச்சம்?

அசோலா வளர்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். அசோலா இலைக்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து தழைச்சத்தைச் சேர்த்துத் தருகிறது. அதுபோல பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் ஒரு விலங்கு. ஆனாலும் அதன் சாப்பாடு பயிரைப் போல வெளிச்சத்தை நம்பியே இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் பட்டினி. அளவுக்கு மிஞ்சினாலும், தண்ணீர் சூடானாலும் அந்தப் பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடும். உடம்பு வெளுத்துவிடும். 2010, 2016-ம் ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தது இப்படித்தான்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

பயிருக்கும் பாசிக்கும் பயன்படும் வெளிச்சத்தை 'பார்' என்ற அளவில் சொல்கிறார்கள். உச்சி வெயிலில் நம் வயலில் விழுவது ஏறக்குறைய 2,000. மென்பவளத்துக்கு 50 முதல் 100 வரை இருந்தால் போதும். அதாவது உச்சி வெயிலில் இருபதில் ஒரு பங்கு. கடினப் பவளங்களில் சில வகைகளுக்குத்தான் 200-க்கு மேல் தேவை. அவற்றை நாம் வைக்கப்போவதில்லை. ஆகவே 'அதிக வாட், அதிக வளர்ச்சி' என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், சுமார் 14 அங்குலம் உயரமுள்ள, 60 லிட்டர் பிடிக்கும் தொட்டிக்கு 30 முதல் 50 வாட் வரையிலான பவள எல்.இ.டி. விளக்கு ஒன்று தாராளம்.

எந்த நிறம்?

கடலுக்குள் போகப் போகச் சிவப்பு ஒளி முதல் சில மீட்டரிலேயே மறைந்துவிடும். நீல ஒளிதான் ஆழம் வரை போகும். பவளத்தின் பாசியும் நீலத்தையே நன்றாகப் பயன்படுத்துகிறது. வீட்டு எல்.இ.டி. விளக்கில் 6,500 கெல்வின் என்று இருக்கும். பவள விளக்கு 10,000 முதல் 20,000 கெல்வின் வரை, நீலம் தூக்கலாக இருக்க வேண்டும். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளதா என்று பாருங்கள்.

கடையில் வெறும் நீல வெளிச்சத்தில் எல்லாப் பவளமும் ஜொலிக்கும். வாங்கும் முன் வெள்ளை விளக்கையும் போடச் சொல்லிப் பாருங்கள். அப்போதுதான் வெளுத்துப்போன பவளமா, நல்ல பவளமா என்று தெரியும்.

மூன்று வகை விளக்குகள்

1. மெட்டல் ஹாலைடு: வெளிச்சம் அதிகம், சூடும் அதிகம். நம் ஊர் வெப்பத்துக்குச் சிறிய தொட்டியில் இது வேண்டவே வேண்டாம்.

2. டி5 குழல்விளக்கு: வெளிச்சம் சீராகப் பரவும். ஆனால் ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை குழலை மாற்ற வேண்டும். நம் பகுதிக் கடைகளில் பவளத்துக்கான குழல் கிடைப்பது கடினம்.

3. எல்.இ.டி.: சூடு குறைவு, மின்சாரம் குறைவு, ஒளியைக் குறைக்கலாம். தொடக்கநிலையினருக்கு இதுவே ஏற்றது.

மின்கணக்கையும் பாருங்கள். 40 வாட் எல்.இ.டி. தினமும் 9 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட். 150 வாட் மெட்டல் ஹாலைடு என்றால் 81 யூனிட். வீட்டு இணைப்பில் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். தொட்டியை விவசாய இலவச மின் இணைப்பில் கட்டாயம் கொடுக்கக் கூடாது.

பொருத்தும் முறை

விளக்கை நீர்மட்டத்திலிருந்து 8 முதல் 12 அங்குலம் உயரத்தில் தொங்கவிடுங்கள். தொட்டியில் உப்புநீர் ஊற்றிய முதல் 4 முதல் 6 வாரம் பவளம் வைக்கக் கூடாது. தொட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா பெருக அவ்வளவு காலம் வேண்டும். அதுவரை விளக்கும் தேவையில்லை. போட்டால் களைப்பாசிதான் மண்டும்.

பவளம் வைத்ததும் முழு வெளிச்சத்தைக் கொடுக்காதீர்கள். நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குவதுபோல, 25 சதவீதத்தில் தொடங்கி 3, 4 வாரத்தில் கூட்டுங்கள். தினமும் 8 முதல் 10 மணி நேரம் போதும். இதற்கு டைமர் வையுங்கள். சாதாரண டைமர் மின்வெட்டு ஆகும்போதெல்லாம் நின்று, நேரம் பின்தங்கிவிடும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் தொட்டியை வைப்பது தவறு. வெயில் பட்டால் நீர் சூடாகும், பாசியும் பிடிக்கும்.

சூடும் தண்ணீரும்

தொட்டி நீர் 24 முதல் 27 டிகிரி இருப்பது நல்லது. 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. சித்திரை, வைகாசியில் நம் வீட்டு அறையே அதைத் தாண்டிவிடும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடவிட்டால் 2, 3 டிகிரி குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அல்ல. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல. அதற்கும் ஆர்.ஓ. தண்ணீரையே பயன்படுத்துங்கள். உரம் கலந்த வாய்க்கால் நீரோ கடலோரக் கிராமங்களின் உவர் போர்வெல் நீரோ கூடாது. உவர் நீர் கடல்நீர் ஆகாது. உரச்சத்தும் நல்ல வெளிச்சமும் சேர்ந்தால் பாசிதான் அறுவடை.

மின்சாரத்தில் அலட்சியம் வேண்டாம்

உப்புநீர் நன்னீரைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். தொட்டி இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுமின் தடுப்பானைக் கட்டாயம் பொருத்துங்கள். அடாப்டரைத் தரையில் வைக்காமல் சுவரில் உயரத்தில் மாட்டுங்கள். பிளக்குக்கு வரும் வயர் அதற்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறும்படி விடுங்கள். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா சுவிட்சையும் அணையுங்கள். உப்புத் தெறித்துப் படிவதை வாரம் ஒருமுறை துடையுங்கள். நம் கிராமங்களில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அடாப்டரில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மின்வெட்டு வந்தால் என்ன செய்வது? விளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓரிரு நாள் இருட்டைப் பவளம் தாங்கும். காற்று நின்றால்தான் சில மணி நேரத்தில் மீன் திணறும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது டெல்டாவில் யாருக்கும் மறந்திருக்காது. ஆகவே விளக்குக்குச் செலவிடும் முன் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வையுங்கள்.

பவளமே சொல்லும் அறிகுறிகள்

- மெலிந்து, வெளிச்சத்தை நோக்கி நீண்டு வளர்ந்தால்: வெளிச்சம் போதவில்லை. நிழலில் விழுந்த நாற்று நெடுநெடுவென்று போவது போலத்தான்.
- நிறம் மங்கிப் பழுப்பானால்: வெளிச்சம் குறைவாக இருக்கலாம்.
- சுருங்கி, வெளுத்தால்: வெளிச்சமோ சூடோ அதிகம். முதலில் வெப்பமானியைப் பாருங்கள், பிறகு விளக்கைக் குறையுங்கள்.

எதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு மாற்றம் செய்தால் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். பவளத்தை வெறும் கையால் தொடவும் வேண்டாம். சில வகைகளில் கடும் நஞ்சு உண்டு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வருமானம் வருமா?

பவளத் தொட்டியை லாபம் தரும் தொழிலாக நினைத்துத் தொடங்க வேண்டாம். வருமானம்தான் நோக்கம் என்றால், பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீனைச் சாதாரண விளக்கில் ஆறு மாதம் வளர்த்துப் பழகுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யும் முறையில் அனுபவம் பெற்றது. நாகப்பட்டினத்தில் தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உங்கள் மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பயிற்சி, மானியம் பற்றி நேரில் விசாரியுங்கள். ஆறு மாதம் மீன் நன்றாக இருந்தால் உப்பும் தண்ணீரும் உங்களுக்குக் கைவந்துவிட்டது என்று பொருள். நல்ல விளக்கு வாங்குவது அதற்குப் பிறகு போதும்.