ரப்பர் உளியும் தமிழ்ச் சொல்லும்

வெட்டும் கருவிகள் பலவாயினும் அவற்றின் கூர்வாய் ஒரு தன்மைத்தன்று. கோடரியின் அலகு இருபுறமும் சரிந்து ஆப்புப்போல் தடித்தது, அது பிளக்கும். தச்சன் உளியோ ஒருபுறம் மட்டும் சரிவுடையது. அது மெல்லெனச் சீவும். மலாயாத் தோட்டத் தமிழர் ரப்பர் மரத்தில் பாலெடுக்கும் கருவியை 'உளி' என்றும், அத்தொழிலை 'மரம் சீவுதல்' என்றும் வழங்கினர். இச்சொற்களின் பொருத்தத்தை ரப்பரின் வரலாறே காட்டுகிறது.

பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர். அவ்வலகு பட்டையைக் கடந்து, கட்டையை ஒட்டிய வளர்படலத்தையும் கிழித்தது. புதுப்பட்டையை ஈனுவது அப்படலமே. அது புண்பட்ட இடம் முண்டாகிவிடும்.

1888-இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, 1890-களில் மாற்றுவழி கண்டார். பழைய வெட்டின் விளிம்பையே மெல்லியதாகச் சீவினால் பால் மீண்டும் ஒழுகும், மரமும் கெடாது. நம் மலாக்காவிலேயே 1896-இல் டான் சே யான், புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார்.

புதிய முறைக்கேற்ப 'ஜெபோங்' என்னும் உளி பரவியது. அதன் கூர்வாய் நடுவில் மடிந்து பள்ளம்போல் அமைந்தது. பட்டையைச் சீவும்போதே பால் ஓடும் வாய்க்காலையும் வகுப்பது. மேல் இடப்புறத்திலிருந்து கீழ் வலப்புறமாக இழுத்துச் சீவுவர். பட்டையிலுள்ள பால்குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், இவ்வாறு சீவும்போது மிகுதியான குழாய்கள் அறுபடும்.

ஒரு சீவலின் தடிப்பு ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிமீட்டரே. பால்குழாய்கள் வளர்படலத்தின் அருகில்தான் செறிந்துள்ளன. ஆகவே ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரத்துக்குக் 'காயம்'. மழுங்கிய உளியோ கையை அழுத்தச் செய்து, அக்காயத்துக்கே வழிகோலும். விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் இவ்வளவை விரலுணர்வால் மட்டுமே அறிந்து சீவியவர் நம் முன்னோர். 'கூலி' என்ற ஒரு சொல்லால் அவரைக் குறித்த ஏடுகள் இந்நுண்மையைச் சொல்லவில்லை.

சிம்பாங் அம்பாட் அடங்கிய அலோர் காஜா வட்டாரத்திலும் செம்பனை பரவியிருக்கிறது. உளி அருகினால் அதன் சொற்களும் அருகும். உளி, சீவல், மங்கு, நிரை, காயம் ஆகிய இவற்றை அறிந்த முதியோர் இன்னும் நம் வீடுகளில் உளர். அவரிடம் கேட்டெழுதும் பயிற்சியை மாணவர்க்கு அளிப்பது தமிழாசிரியர் கடன். அகராதி தராத பொருளை அம்முதியோரின் கை தரும்.